மூட்டுக்காரர்களும் நானும்

பிசியோதெரபி என்பது, வலிக்கிறது என்று வந்தவரை இன்னும் கொஞ்சம் வலிக்கவைத்து, கடைசியில் அவர் வாயாலேயே நன்றி சொல்லவைக்கிற தொழில். பினாங்கு ஜோர்ஜ்டவுனில் பல வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் என்னை நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்திப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இரண்டு முழங்கால், இரண்டு தோள், ஒரு கழுத்து இருக்கும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது 'அம்மாடி' என்று ஒரு சத்தம் போடாமல் உங்களால் இறங்க முடியவில்லையா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். கூச்சப்படாமல் படியுங்கள்.

மாடியில் ஒரு மையம்

எங்கள் மையம் பழைய கடைவீட்டு வரிசையில் இருக்கிறது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே நாங்கள். வாடகை குறைவு என்று எங்கள் முதலாளி மகிழ்ச்சியாகப் பிடித்த இடம். முழங்கால் வலிக்கு வைத்தியம் செய்கிற இடத்துக்கு, செங்குத்தான மரப்படியில் ஏறித்தான் வரவேண்டும் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. பெயிண்ட் அடித்து, போர்டு மாட்டி, பூஜை போட்ட பிறகுதான் தோன்றியது.

திறந்த புதிதில் ஒரு பெரியம்மா வந்தார். பருத்த உடம்பு, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் மேலே நின்றுகொண்டு, "மெதுவா ஏறி வாங்கம்மா, ஏறினா முட்டிக்கு நல்லதுதான்" என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் ஏறவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி பதில் சொன்னார். அன்றைக்கு அவருக்கு வைத்தியம் கண்ணாடிக் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நடந்தது. மறுவாரமே அந்தக் கடையின் பின்னறையை நாங்கள் வாடகைக்கு எடுத்தோம். அதற்குக் காரணமான அவருடைய வாசகம் இதுதான்: "இதுல ஏற முடிஞ்சா நான் எதுக்கும்மா உங்ககிட்ட வர்றேன்?"

திருப்ப முடியாத மனிதர்

தேவராஜன் ஐயா அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மாலையானால் பேட்மிண்டன். அதுவும் தன் வயது ஆட்களோடு இல்லை, வேலைக்குப் போகிற இளைஞர்களோடு. ஒருநாள் பந்தைத் துரத்தி ஓடியவர் காலை ஊன்றியபடியே உடம்பை மட்டும் சட்டென்று திருப்பியிருக்கிறார். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மனைவி திலகம் அக்கா கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தின் மேல் லேசாக உட்கார்ந்து, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தேன். மேஜையின் இழுப்பறை மாதிரி வந்தது. வரக்கூடாது. "ஐயா, முழங்கால் கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும். திரும்புறது ரொம்பக் கொஞ்சம்தான். உள்ளே ரெண்டு நார் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போகும். முன்னால இருக்கிறது கீழெலும்ப நழுவாமப் பிடிச்சிருக்கும். நீங்க கதவ முறுக்கியிருக்கீங்க. அந்த நார் பிஞ்சிருக்கு போல, ஸ்கேன் எடுக்கணும்" என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி, அடுத்த மாதப் போட்டியில் ஆடலாமா என்பது. இரண்டாவது கேள்வி, ஒற்றைக் காலால் ஆடலாமா என்பது.

பேட்மிண்டன் இல்லாத மாலையில் மனிதர் என்ன செய்வார் என்று எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. தொடைத் தசையை வலுப்படுத்தினால் அந்த நார் செய்கிற வேலையில் பாதியை அது தாங்கிக்கொள்ளும், அவசரப்படாதீர்கள் என்று தேற்றினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நான் எல்லாம் சொல்லி முடித்த பிறகு திலகம் அக்கா நிதானமாகக் கேட்டார்: "இந்த மனுசன வீட்டில ஒரு பக்கமும் திருப்ப ஏலாது பிள்ளை. முழங்கால் மட்டும் எப்பிடித் திரும்பினது?"

வாயு

செல்லையா அண்ணன் நகைக்கடையில் கணக்கு எழுதுகிறவர். உட்கார்ந்தே வேலை, உட்கார்ந்தே சாப்பாடு. முழங்கால் வலிக்குக் காரணம் வாயு என்பது அவர் கட்சி. உருளைக்கிழங்கை நிறுத்தினார், வாழைக்காயை நிறுத்தினார், பருப்பையும் நிறுத்தினார். வீட்டில் சமைக்கிற அண்ணிக்கு என்ன வைப்பது என்றே தெரியாமல் போனது. நான் சொன்ன பயிற்சியை மட்டும் அவர் தொடங்கவே இல்லை. "வாயு எறங்கினா வலி எறங்கும் மிஸ்ஸி. கால ஆட்டி என்ன பண்றது?" என்பார். வருகிற ஒவ்வொரு தடவையும், முழங்காலுக்கும் வாயுவுக்கும் சம்பந்தமே இல்லை என்று தொண்டை வற்றச் சொல்வேன்.

ஒருநாள் பேச்சுவாக்கில் விரல்களைச் சொடக்கிக்கொண்டே இருந்தார். "இது எலும்பு உடையிற சத்தமா மிஸ்ஸி?" என்று பயத்தோடு கேட்டார். ஆர்வமாகக் கேட்கிறாரே என்று நானும் விளக்கினேன். மூட்டைச் சுற்றி ஒரு பை, பைக்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாகக் கொஞ்சம் நீர். கீலுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி அது எலும்புகள் உரசாமல் பார்த்துக்கொள்ளும். விரலை இழுக்கும்போது உள்ளே இடம் அகன்று, அந்த நீரில் கரைந்திருக்கிற வாயு குமிழாகக் கிளம்பும், அதுதான் அந்தச் சத்தம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே என் தவறு எனக்குப் புரிந்துவிட்டது. செல்லையா அண்ணன் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். முழங்கால் வலியே இல்லாத மனிதரைப் போல எழுந்தார். எங்கள் மையத்துக் கவுண்டரில் வேலை செய்கிற ரோஸ்னாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு முழங்கினார்: "கேட்டுக்கங்க தங்கச்சி! மூட்டுக்குள்ள வாயு இருக்குன்னு மிஸ்ஸியே ஒத்துக்கிட்டாங்க லா!"

தே தாரேக் தோள்

கெப்பாலா பத்தாஸில் சாகுல் அண்ணன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் சோறும் குழம்பும் பரவாயில்லை. கூட்டம் வருவது தே தாரேக்குக்கு. ஒரு குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொன்றை இடுப்புக்குக் கீழே பிடித்து, பால் கலந்த தேநீரை நீளமாக இழுத்து ஊற்றுவார். நுரை பொங்கி நிற்கும். ஒரு சொட்டு கீழே சிந்தாது. இப்படி இருந்த மனிதருக்கு வலது தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறுக ஆரம்பித்தது. தலைக்கு மேலிருந்து வந்த தேநீர் நெஞ்சிலிருந்து வந்தது. பிறகு வயிற்றிலிருந்து. நுரையைப் பார்த்தே வாடிக்கையாளர்கள், "அண்ணே, இன்னைக்குத் தோள் எப்படி?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

தோள்மூட்டு மாதிரி சுதந்திரமான மூட்டு உடம்பில் வேறு இல்லை. ஒரு சின்னத் தட்டில் பெரிய உருண்டையை வைத்தது போல அமைப்பு. எந்தப் பக்கமும் சுழலும். தட்டு ஆழமில்லாததால் உருண்டை விழாமல் பிடித்துக்கொள்வது சுற்றியிருக்கும் தசையும் நாரும் மெல்லிய உறையும்தான். சில பேருக்கு, அதுவும் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு, அந்த உறை தடித்துச் சுருங்கிவிடும். துவைத்த சட்டை சுருங்குகிற மாதிரி. உள்ளே இருக்கிற கை எங்கே தூக்கும்? சாகுல் அண்ணனுக்கு இனிப்பு நீர். அவர் போடுகிற தே தாரேக்கை அவரே நிறையக் குடித்ததில் வந்தது என்று ரோஸ்னா சொல்வாள். நான் அப்படிச் சொல்லவில்லை.

இது சரியாக மாதக்கணக்கு ஆகும் என்றதும் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடையை மூட வேண்டியதில்லை, மச்சான் இருக்கிறார், அவர் தேநீர் போடுகிறார் என்று தெரிந்ததால், அவ்வளவு கலங்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. விரலாலேயே சுவரில் பல்லி மாதிரி ஏறுகிற பயிற்சியைக் கொடுத்தேன். என் நோயாளிகளில் அதை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான். கடையின் சுவரில் அவர் விரல் ஏறிய இடமெல்லாம் எண்ணெய்க் கறை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார், ஒருநாள்கூட விடவில்லை. எப்படி இவ்வளவு வைராக்கியம் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வலியக்கூடத் தாங்கிக்கிறேன் மிஸ்ஸி, 'மச்சான் போடுற தேதான் சுவையா இருக்கு'ன்னு ஆளுங்க சொல்றாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

ஒற்றைக் கால் குடும்பம்

ராஜேஸ்வரி, பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண். தீபாவளிக்கு ஜன்னலில் புது லங்சிர், அதாவது திரைச்சீலை, மாட்ட நாற்காலியில் ஏறியவள், ஜன்னல் அழகை ரசித்துக்கொண்டே இறங்கி, கணுக்காலைப் பிரட்டிக்கொண்டாள். பிறகு நம்ம ஊர் வழக்கப்படி எல்லாம் நடந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக், எண்ணெய் போட்டு உருவினார். மாமியார் நல்லெண்ணெயோடு உருவினார். அதற்கப்புறம் உருவுவதில் பெயர் வாங்கிய ஒருவரைத் தேடிப் போய் அவரிடமும் உருவிக்கொண்டாள். எல்லாரும் ஆசை தீர உருவிய பிறகு, மங்குஸ்தான் தோல் நிறத்தில் ஒரு காலை என்னிடம் கொண்டு வந்தாள்.

"நரம்பு பெரண்டிருச்சு மிஸ்ஸி" என்றாள். நரம்பெல்லாம் பிரளவில்லை, கணுக்காலின் வெளிப்பக்கம் எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் நார் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது, அங்கே ரத்த ஓட்டம் குறைவு, ஆற நாளாகும் என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள். கணவர் டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு தண்ணீர்மலை ஏறிப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். மனிதர் பிழைத்து வந்துவிட்டார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்காக வேண்டினது. நான் ஏறலன்னா மனசு ஆறாது மிஸ்ஸி" என்றாள். ஏறாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த நார்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாதம் இப்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருப்பது. அடிபட்ட நார் சேதி சொல்ல மறந்துவிடும். அதனால்தான் ஒருமுறை பிரண்ட கால் திரும்பத் திரும்பப் பிரளுகிறது. மறந்ததை நினைவுபடுத்த ஒற்றைக் காலில் நின்று பழக வேண்டும். வீக்கம் வடிந்ததும், பல் துலக்கும்போது அந்தக் காலில் மட்டும் நிற்கச் சொன்னேன். வேடிக்கை பார்த்த கணவரும் நிற்கத் தொடங்கினார். மாமியாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். காலையில் அந்த வீட்டுக் குளியலறைக்குப் போனால் கொக்குக் கூட்டம் மாதிரி இருக்குமாம்.

தைப்பூசத்தன்று எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. போய், கூட்டத்தோடு கூட்டமாக அவள் பின்னாலேயே நடந்தேன். தலையில் குடம், உதட்டில் வேல் வேல், அவள் பார்வை முன்னால். என் பார்வை முழுக்க அவளுடைய இடது கணுக்காலில். படியில் ஏற ஏற அது ஒரு தடவைகூடத் தள்ளாடவில்லை. பால் சிந்தாமல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். கீழே இறங்கி வந்து, பெருமையோடு சாலையைக் கடந்தபோது, முந்தின நாள் ரதத்துக்கு உடைத்த தேங்காயின் ஓடு ஒன்று கிடந்ததை நான் பார்க்கவில்லை. கால் பிரண்டு, நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். ராஜேஸ்வரிதான் ஓடிவந்து தூக்கினாள். வீக்கத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, தொழில்காரி மாதிரியே சொன்னாள்: "யாருகிட்டயும் உருவப் போகாதீங்க மிஸ்ஸி, ஒத்தக் கால்ல நின்னு பல்லு தேய்ங்க."

ஆமாம், இல்லை

முகிலன் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிக்கூட வாத்தியார். முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் கூடிவராதவர். ஒருவழியாக ஓர் இடம் பொருந்தி, பெண் பார்க்க நாள் குறித்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால் சிக்னலில் நின்றிருந்த அவருடைய காடியைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தது. தலை முன்னும் பின்னும் ஆடி, கழுத்து விறைத்துப் போனது. எலும்புக்கு ஒன்றுமில்லை, தசையும் நாரும்தான் இழுபட்டிருக்கின்றன என்று ஆஸ்பத்திரியில் பட்டை போட்டு அனுப்பினார்கள். நாளைத் தள்ளிவைத்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டார் கழுத்துப் பட்டையோடு அவரைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

பெண் பெயர் ஷாமளா. தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். முகிலனுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பெண்ணின் மாமா, "என்ன தம்பி, சம்மதமா?" என்று கேட்டார். பெரியவர்கள் சபையில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, முகிலன் தலையை ஆட்டப் பார்த்தார். சுரீர் என்று வலி பிடித்தது. கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, முகத்தை ஒரு கோணல் கோணினார். எதிரில் நின்ற ஷாமளா பார்த்தது அந்த முகத்தைத்தான். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. 'மாப்பிள்ளை முகம் சுளித்துவிட்டார், பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்' என்று மறுநாள் சேதி வந்தது.

அதற்கப்புறம்தான் அவர் என்னிடம் வந்தார். மனிதர் உடைந்து போயிருந்தார். "வேற ஒண்ணும் வேணாம் மிஸ்ஸி, 'ஆமா'ன்னு ஒரே ஒரு தடவ தலையாட்டணும்" என்றார். கழுத்தைத் தளர்த்திக்கொண்டே அவருக்குச் சொன்னேன். மண்டையோடு முதல் கழுத்தெலும்பில் உட்கார்ந்திருக்கிறது. 'ஆமாம்' என்று ஆட்டுவது பெரும்பாலும் அந்த மூட்டில். அதற்குக் கீழே, இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் எலும்பு அதைச் சுற்றி மோதிரம் மாதிரி திரும்பும். 'இல்லை' என்று ஆட்டுவது முக்கியமாக அங்கே. முளை பின்னால் சரியாமல் ஒரு நார் இறுக்கிக் கட்டியிருக்கும். இரண்டும் இல்லாமல் நம்ம ஆட்கள் பக்கவாட்டில் ஓர் ஆட்டு ஆட்டுகிறார்களே, அதற்கு எந்த மூட்டு பொறுப்பு என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. "ஆனா தம்பி, கழுத்து சரியாக வாரக்கணக்காகும். வாயில ஒரு கோளாறும் இல்லையே, இப்பவே அந்தப் பொண்ணக் கூப்பிட்டுப் பேசலாமே?" என்றேன். அவருக்கு வேர்த்துவிட்டது. ரோஸ்னா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் நின்றார். எங்கள் இருவருக்கும் வேலை ஓடவில்லை. நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தவரின் காது சிவந்திருந்தது.

அடுத்த தடவை ஷாமளாவும் கூட வந்தாள். சுவரோரம் உட்கார்ந்து, நான் செய்வதை எல்லாம் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டையைக் கழற்றி, தாடையை மெல்லத் தாழ்த்தச் சொன்னேன். முகிலன் அவளைப் பார்த்தபடியே, நெல்மணி அளவுக்கு, வலியில்லாமல் ஒரு தடவை 'ஆமாம்' என்று ஆட்டினார். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது, ரோஸ்னா தட்டியே விட்டாள். ஷாமளா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அடுத்து இடமும் வலமும் திருப்புகிற பயிற்சியைத் தொடங்குவோம் என்று நான் கையை வைத்ததும், அவள் எழுந்து பக்கத்தில் வந்து சொன்னாள்: "அக்கா, 'ஆமா' சொல்ற மூட்டு மட்டும் சரியானாப் போதும், 'இல்ல' சொல்ற மூட்ட அப்படியே விட்டுடுங்க."

எலும்போடு எலும்பைக் கட்டிவைக்க உடம்பில் எத்தனையோ நார்கள் இருக்கின்றன, ஆளை அவர் வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியோடு கட்டிவைக்கத்தான் ஒரு நார்கூட இல்லாமல் போயிற்று.